பிரேசிலுக்கு ஒரு மூட்டை லுங்கி

திருப்போரூரில் மாமல்லபுரம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். எதிரே 'பிரேசில் கால்பந்து ரசிகர் நற்பணி மன்றம்' என்று மஞ்சள் பேனர். அதன் கீழே மஞ்சள் ஜெர்ஸி போட்ட மன்றத் தலைவர், பிரேசில் வெள்ள நிவாரணத்துக்காக லுங்கிகளை மூட்டை கட்டுகிறார். மாமல்லபுரத்தில் ஆட வந்த பிரேசில் நடனக் குழு ஊர் திரும்பும்போது எடுத்துப்போகுமாம்.

என் வாய் சும்மா இருக்குமா? "அங்கே லுங்கி கட்டுவாங்களா?"

"தண்ணி பூந்த வூட்ல ஜீன்ஸு போட்டுகினா சார் நிப்பாங்க?"

நியாயம்தான். என் பையிலிருந்த புது லுங்கியை நீட்டுகிறேன். விரித்துப் பார்க்கிறார். வெளிர்நீலமும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருக்கிறது.

முகம் மாறுகிறது. மடித்து என்னிடமே திருப்பித் தருகிறார்.

"இது அர்ஜென்டினா கலரு சார். பாவம், ஏற்கெனவே நொந்துபோய் கீறாங்க."