கைக்கிரீமின் படிக்கட்டு

எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் அவரை வறட்டுக்கையக்கா என்போம். மாதிரியில் ஒட்டிவிடும் என்று இருபத்திரண்டு வருடமாக அவர் கையில் கிரீம், பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் பட்டதில்லை. விரல் நுனியெல்லாம் வெடிப்பு. ரத்த மாதிரிகளைத் தயார் செய்வது அவர் வேலை. மூலக்கூறுகளை எடை பார்க்கும் கருவியை ஓட்டுவது என் வேலை.

ரத்தத்தில் நாங்கள் தேடுவது எள்ளளவுதான். உப்பும் புரதமும் கூட்டமாக வந்து கருவியின் வாசலை அடைத்துக்கொண்டால், நாங்கள் தேடுவது கத்தினாலும் உள்ளே கேட்காது. அக்கா புரதத்தைத் திரியவைத்து நீக்குவார். மேலே தெளிந்த நீரைத் தூள் அடைத்த சின்னக் குழாயில் ஊற்றி உப்பைக் கழுவிவிடுவார். தூளில் ஒட்டியதை மட்டும் இறக்கி, நைட்ரஜன் ஊதி, நாலு சொட்டாக வற்றவைப்பார். அப்புறம் திரையில் கோடு ஊசிபோல் எழும்பும். எல்லாம் கையுறையோடுதான். கடைசியில் குப்பியின் குட்டி மூடியை மட்டும் வெறும் விரலால் அழுத்துவார்; உறையோடு பிடிபடாதாம். விதிப்படி தப்பு. எதுவும் பூசாத கை என்பதால் யாரும் தடுத்ததில்லை.

அன்று, பிறந்து ஐந்து நாளான குழந்தையின் ரத்தம் வந்தது. ஓர் அமிலம் ஏறியிருந்தால் தாய்ப்பால் ஆகாது. தாய் கீழ்மாடியில் பால் கட்டிய வலியோடு காத்திருந்தாள். குழந்தையின் குதிகாலில் இனிக் குத்த இடமில்லை என்றார் நர்ஸ். அக்கா பாதியை எடுத்துத் தயார் செய்தார்.

தேடிய இடம் மொட்டையாக இருந்தது; எந்தக் குழந்தைக்கும் இருக்கும் குட்டைக் கோடுகூட இல்லை. அதைத் தாண்டி, நாற்பத்து நான்கு நாற்பத்து நான்காக எடை கூடிக்கொண்டே போகும் கோடுகள், படிக்கட்டு மாதிரி. கைக்கிரீம்தான் அப்படி ஏறும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, தூசியா?" என்று வந்தவர், பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நான்தான்" என்றார்.

அக்காவின் மகள் வெளிநாடு போய் நாலு வருடம். கண்ணாடி முன்னால் அவள் விட்டுப்போன கிரீம் டப்பாவை அக்கா தொட்டதே இல்லை. இந்த வருடமும் வரமுடியாது என்று காலையில் போன் வந்திருக்கிறது. ஒரு விரல் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாராம்.

"அவ பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. கழுவத்தான் செஞ்சேன். அழுத்திக் கழுவ மனசு வரல."

மீதி ரத்தத்தை எடுக்குமுன் முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். வெடிப்பில் ரத்தம் கசிந்தது. கருவியை நான் கழுவி வைத்தேன். இந்தமுறை மூடியை என்னை அழுத்தச் சொன்னார், உறையோடு. மூன்று தடவை நழுவியது.

"மூடி போடத் தெரியாதவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்" என்றார். குரலில் மட்டும் சிரிப்பு இருந்தது.

கோடு எழும்பியது. தெளிவாக, குட்டையாக, அளவுக்குள்தான். அக்காவே கீழ்மாடிக்குப் போன் செய்து பால் கொடுக்கலாம் என்றார். அந்தப் பக்கம் கேட்ட தாயின் அழுகை அடங்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

படிக்கட்டுக் கோடுகள் அச்சான, கெட்டுப்போன முதல் தாளைக் கசக்கப் போனேன். கையை நீட்டினார்.

"அது வெறும் கிரீம்க்கா."

"தெரியும், குடு."

நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நாலு வருசத்துல அவ இந்தப் பக்கம் எட்டிப் பாத்தது இதுதான், தம்பி."