விவசாயி என்று வந்த செய்தி

அரசாங்கம் என்னை விவசாயி என்றுதான் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறது. மல்லிகைச் செடியில் எந்த மொட்டைப் பறிக்கலாம், எதை விடலாம் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன தோட்டத்துக்குப் பட்டா என் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். அதில் பாடுபடுகிறவள் வேறொருத்தி. அவளும் அவள் வீட்டுக்காரரும் வாரத்துக்குப் பார்க்கிறார்கள். விளைவதில் பாதி அவர்களுக்கு, பாதி எனக்கு.

கொரோனா இரண்டாவது ஊரடங்கில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டை அடைத்துவிட்டார்கள். நான் வேலை பார்த்த தனியார் பள்ளியில் சம்பளத்தையும் நிறுத்திவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, விவசாயிகளுக்கான உதவித்தொகை இரண்டாயிரம் ரூபாய் என் கணக்கில் விழுந்ததாகப் போனில் செய்தி வந்தது. கேஸுக்கும் மளிகைக்கும் சரியாகப் போயிற்று. அதில் பாதி அவளுக்குச் சேரவேண்டியது என்று தோன்றவே இல்லை என்று சொன்னால் அது பொய். தோன்றியது. பட்டா யாருடையது என்று என்னையே கேட்டு அந்த நினைப்பின் வாயை அடைத்தேன்.

அந்த வாரமே பால் வண்டியில் தொற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் அவள் வந்து இறங்கினாள். வெயிலுக்குத் தலையோடு காதையும் சேர்த்துத் துண்டைச் சுற்றியிருந்தாள். கையில் ஒரு சாக்குப்பை நிறைய மல்லிகை.

“விக்காத பூவ எதுக்கும்மா சுமந்துட்டு வந்த?”

“பறிக்காம விட்டா செடியில புழு விழுந்துரும்க்கா. அதான் ஆள் வச்சுப் பறிச்சேன். பாதி உங்களுது. அத நான் எப்படிக் குப்பையில கொட்ட?”

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் சாக்குப்பையை இறக்கி வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “தோட்டக்காரவுகளுக்குக் கவர்மெண்டு பணம் போட்டிருக்காகளாம்ல. உங்களுக்கு வந்துருச்சாக்கா? பூப் பறிச்சவுகளுக்குக் கூலி நிக்குது. குடுக்கலேன்னா நாளைக்கு யாரும் வரமாட்டாக.”

“இன்னும் வரலை” என்றேன். நாக்குக் கூசவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற அதே குரல். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு முட்டுக் கொடுக்க, “எனக்குச் சம்பளமே நின்னு போச்சு, தெரியுமா?” என்று ஒரு உண்மையையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் முகம் வாடிப்போயிற்று. எனக்காக வாடியது. “என்னக்கா, இம்புட்டு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே” என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ரேஷன் கடையில் கார்டுக்குக் கொடுத்த கொரோனா பணம். நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள். இரண்டை என் பக்கம் நீட்டினாள்.

“வாரம்னா எல்லாத்துலயும் பாதிதானக்கா. வச்சுக்கங்க.”

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். பணம் வந்து செலவாகியும் போயிற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். மார்க்கெட் திறந்த பிறகு பூ விற்ற கணக்கில் ஏதோ சாக்குச் சொல்லி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் பணம் விழுந்த செய்தி வந்தால் பாதியை அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். எனக்கு நல்ல மனசு என்று ஊரெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்கும்போது எங்காவது போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு, “வாரேன்க்கா” என்று துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டாள். இடுப்பில் செருகியிருந்த மாஸ்க்கை எடுத்துக் கயிற்றைக் காதில் மாட்டினாள். அப்போதுதான் பார்த்தேன். பொங்கலுக்குப் போட்டிருந்த தோடு இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க, இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.