மாவீரர்களைத் தேய்த்துப் பார்த்தவர்

சின்ன காஞ்சிபுரத்துச் சாயப்பட்டறையில் வேலை பார்த்த பரசுராமனுக்கு உலக சரித்திரத்தின் மீது ஒரே ஒரு குற்றச்சாட்டுதான் இருந்தது. அது குமட்டுகிறது என்பதே அது. இந்த முடிவுக்கு அவர் அவசரப்பட்டு வந்துவிடவில்லை. கிளை நூலகத்தில் இருந்த சரித்திரப் புத்தகங்கள் அத்தனையையும் முறைப்படி படித்து முடித்த பிறகே வந்தார்.

தொடக்கத்தில் சரித்திரம் அவருக்குத் தித்திப்பாகத்தான் இருந்தது. அட்டையில் குதிரை மேல் ஒரு ராஜா, உள்ளே பெரிய எழுத்தில் அரை டஜன் மாவீரர்கள் என்று அப்போது மெல்லிய புத்தகங்கள் நிறைய வந்தன. அவற்றில் எல்லாரும் சின்ன வயதில் தாயை வணங்கினார்கள், வளர்ந்ததும் உலகத்தை வென்றார்கள், கடைசிப் பக்கத்தில் கௌரவமாக இறந்தார்கள். நடுவில் யாரும் யாரையும் குத்தியதாகத் தெரியவில்லை. எதிரிகள் தாமாகவே விழுந்துகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்குச் சாமி பேர் வைத்து ஊர் அலுத்துப்போயிருந்த காலம் அது. அறுபத்தேழு தேர்தல் முடிந்த கையோடு, "புதுசா ஒரு பேரு சொல்லுப்பா" என்று கேட்டுப் பட்டறை வாசலில் ஆள் நிற்க ஆரம்பித்தது. பரசுராமன் வஞ்சனையில்லாமல் வழங்கினார். தறிக்கார அர்ஜுனனின் மகன் அலெக்சாண்டர் ஆனான். சைக்கிள் கடைக் கண்ணாயிரத்தின் மகன் நெப்போலியன் ஆனான். தெருக்கோடியில் ஒரு வாஷிங்டன் மூக்கு ஒழுகத் தவழ்ந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்து அம்மாக்கள் பிள்ளைகளைச் சோற்றுக்குக் கூப்பிட்டால், ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து எழுந்து வருவது போலிருக்கும்.

எழுபத்திரண்டில் அவர் மனைவி கங்கையம்மாள் முழுகாமல் இருந்தாள். ஊருக்கே பேர் வழங்கியவர், தன் பிள்ளைக்கு மெல்லிய புத்தகத்திலிருந்தா பேர் எடுப்பார்? நூலகத்துக்குப் புதிதாக வந்திருந்த தடித்த புத்தகங்களில் கை வைத்தார். வினை அங்கேதான் தொடங்கியது.

சாயப்பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. சாயம் தோய்த்து, அலசி, காயவைத்த பட்டு நூலை ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்ப்பார்கள். துணியில் துளி நிறம் ஏறினாலும் அந்தக் கட்டு முழுவதும் தள்ளுபடி. தறிக்குப் போனால் பக்கத்து நிறத்தையும் கெடுத்துவிடும். காலமெல்லாம் நூலைத் தேய்த்தவர், மாமன்னர்களையும் அதே கையால் தேய்த்தார். சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த வேலையில் இறங்குவதில்லை. இறங்கினால் எழுத ஆள் மிஞ்சாது என்று அவர்களுக்குத் தெரியும்.

போரில் தன் உயிரைக் காப்பாற்றிய நண்பனையே அலெக்சாண்டர் குடிபோதையில் ஈட்டியால் குத்தினான். சாயம் விட்டது. ஒழிந்துபோன அடிமை முறையை நெப்போலியன் தீவுகளில் மறுபடி கொண்டுவந்தான். விட்டது. வாஷிங்டன் வெளியே சுதந்திரம் பேசிவிட்டு, வீட்டில் அடிமைகளை வைத்து வேலை வாங்கினார். பொலபொலவென்று விட்டது. கான்ஸ்டன்டைன் பெற்ற மகனைக் கொல்லச் சொன்னான். ரஷ்யாவின் மகா பீட்டர் மகனைச் சிறையில் போட்டு வதைக்க, அவன் அங்கேயே செத்தான். மகான்கள் செய்ததையெல்லாம் படித்த பக்கங்களில், அரக்குச் சாயம் ஊறிய பரசுராமனின் கட்டைவிரல் பதிந்திருந்தது.

நூலகர் காசிநாதன் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "படிக்கிறியாப்பா, இல்ல பக்கத்துக்குச் சாயம் போட்டுக்கினு இருக்கியா?"

"சார், இவனுங்க யாருமே நல்லால்ல சார். பெத்த புள்ளய கொன்னவன 'மகா'ங்கறான். நம்ம தெருவுல ஒருத்தன் செஞ்சா அப்டியா கூப்புடுவோம்?"

"தெருவுல செஞ்சா கேசு. தேசத்துல செஞ்சா அஞ்சு மார்க் கேள்வி. அடுத்த புஸ்தகம் வேணுமா, வேணாமா?"

வேணும் என்றார். அருவருப்புக்கு அப்படி ஒரு பசி உண்டு.

கொடுத்த பேர்களைத் திரும்ப வாங்கிக்கொள்வது என்று கிளம்பி, முதலில் அர்ஜுனன் வீட்டுக்குப் போனார்.

"அர்ஜுனா, பையன் பேர மாத்திடுப்பா. ஆளு சரியில்ல."

"எந்த ஆளு?"

"அலெக்சாண்டரு. குடிச்சிட்டு சிநேகிதனயே குத்திட்டான்."

அர்ஜுனன் பதறித் தறியை நிறுத்தினார். "எப்பப்பா?"

"ரெண்டாயிரத்து முந்நூறு வருசம் ஆவுது."

"அட போப்பா! இஸ்கூல்ல பேர ஏத்தினப்புறம் வந்து சொல்ற. அவன் குத்துனதுக்கு என் புள்ள இன்னா பண்ணுவான்?" தறி மறுபடி ஓடத் தொடங்கியது.

இதற்குள் பரசுராமனுக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. அவர் வீட்டு வழக்கப்படி, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, அத்தைதான் காதில் பேரைச் சொல்லவேண்டும். முசரவாக்கத்திலிருந்து அக்கா எல்லம்மாள் வந்தாள். பேர் இன்னும் தயாராகவில்லை என்றதும் திரும்பிப் போனாள். பிள்ளைக்கு 'இந்தா' என்பதே பேர் போல ஆகிவிட்டது.

"ஊசி போடற எடத்துல பேரு கேக்கறாங்கய்யா. சரித்திரம் இன்னும் முடியலன்னு சொல்றதா?" என்றாள் கங்கையம்மாள்.

"இரு கங்கா. தடி புஸ்தகத்துல ஒருத்தன்தான் யாருக்கும் கெடுதல் பண்ணாதவன். பூசிபாலஸ்."

"நல்லவனா?"

"தங்கம்."

"யாரு அவன்?"

"அலெக்சாண்டரோட குதிர."

கங்கையம்மாள் பிள்ளையை வாரிக்கொண்டு சமையற்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அன்றே எல்லம்மாளுக்கும், தாமலில் இருந்த தன் அப்பா முனிரத்தினத்துக்கும் ஆள் அனுப்பினாள்.

மறுவாரம் எல்லம்மாள் தொட்டில் அருகே வந்து உட்கார்ந்தாள். "சொல்லுடா, இன்னா பேரு?"

"உலகத்துல சுத்தமான பேரே இல்லக்கா. எல்லாம் ரத்தம்."

"உன் பேரு இன்னாடா?"

"இன்னாக்கா இது? பரசுராமன்."

"அவன் இன்னா செஞ்சான்? அப்பன் சொன்னான்னு பெத்தவ தலையச் சீவினவன். வருசா வருசம் எல்லம்மன் கோயில் கூத்துல வாயப் பொளந்துக்கினு பாக்கற இல்ல? அந்தப் பேர வெச்சிக்கினு ரஷ்யாக்காரன்கிட்ட நாயம் கேக்கப் போயிட்டான்! நீ இதுவரைக்கும் ஒரு கோழி தலையாவது சீவியிருக்கியாடா?"

வீடு சிரித்தது. பரசுராமன் பழைய சோற்றில் பல்லியைக் கண்டவர் போல நின்றார். அத்தனை பேரைத் தேய்த்தவர், தன் பேரை மட்டும் துணியில் வைத்துப் பார்த்ததில்லை.

"அண்ணி, எங்க அப்பா பேர வைங்க. முனிரத்தினம்" என்றாள் கங்கையம்மாள்.

பட்டறைப் புத்தி பரசுராமனை விடவில்லை. "உங்கப்பா தாமல் ஏரி மடைய அடைச்சி, அடுத்தவன் தண்ணிய தன் வயலுக்குத் திருப்பினவரு. பஞ்சாயத்து வரைக்கும் போச்சு."

மாமனார் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தார். துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"ஆமா திருப்பினாரு" என்றாள் கங்கையம்மாள். "அதுல வெளஞ்ச அரிசியதான் இந்த வூட்டுக்கு மூட்ட மூட்டயா அனுப்பினாரு. நீயும் தின்ன. அப்ப குமட்டலியா?"

எல்லம்மாள் தம்பியை எதிர்பார்க்காமல் குனிந்து, பிள்ளையின் காதில் மூன்று முறை முனிரத்தினம் என்று கூப்பிட்டாள். பிள்ளை வீறிட்டு அழுதது. கங்கையம்மாள் அதை எடுத்து அணைத்து, "முனிரத்தினம்... அழாதடா முனிரத்தினம்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அப்புறம் இலை போட்டார்கள். தாமல் அரிசிச் சோறு, முருங்கைக்காய் சாம்பார். பரசுராமன் முதல் உருண்டையைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மனித குலத்தின் மீதிருந்த அருவருப்பு துளியும் குறையாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டே, மறுசோறு கேட்டார்.