புற்று மண் பூசிய லேப்டாப்

கோயில் புற்று மண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு என் கடைக்கு வருகிறவர்கள் ஏராளம். லேப்டாப்புக்கே பூசிக் கொண்டுவந்தவர்கள் அந்த மாமியாரும் மருமகளும்தான்.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அன்று காலை பதினோரு மணிக்கு இருவரும் படியேறி வந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன் நான் ஃபேன் மாற்றிக் கொடுத்த லேப்டாப்தான். மருமகள் அதை மேசையில் வைத்த வேகத்திலேயே வீட்டு நிலவரம் விளங்கிவிட்டது.

“அண்ணாச்சி, மூணு மணிக்கு வேலைக்கு ஆன்லைன் டெஸ்ட். இதுலதான் எழுதணும். நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடிச்சி. டெஸ்ட் நல்லபடியா நடக்கட்டும்னு எங்க அத்தை புத்து மண்ணக் கரைச்சிப் பூசி, தூக்கிக் கண்ணுல ஒத்தி வச்சிருக்காக. காலையில ஆன் ஆவல.”

மாமியார் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

எனக்கு உள்ளூர ஒரே குஷி. அறிவியல் பேச இப்படி ஒரு வாய்ப்பு தினமுமா கிடைக்கும்? கீபோர்டு இடுக்கில் காய்ந்திருந்த மண்ணைக் காட்டி, ஈரம், கரண்டு, ஷார்ட் என்று பத்து நிமிடம் விளாசினேன். “சாமி மேல பக்தி வேணும்தாம்மா. சர்க்யூட் மேல வேண்டாம்” என்று முடித்தபோது எனக்கே கைதட்டத் தோன்றியது.

சார்ஜரைச் சொருகியதும் அதன் சின்ன விளக்கு அணைந்துபோயிற்று. எங்கேயோ ஷார்ட் என்று அர்த்தம். அடிமூடியைக் கழற்றி, கரண்டு உள்ளே வரும் இடத்தில் மல்டிமீட்டரை வைத்தால் விடாமல் கூவியது. மதர்போர்டை வெளியே எடுத்து, ஸ்பிரிட் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்து, மறுபடி மீட்டரை வைத்தேன். சத்தமே இல்லை. மேசையிலேயே திரையை மாட்டி ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, படம் வந்தது.

“பாத்தியளா? மண்ணுதான்” என்றேன். மருமகள் மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள்.

போர்டை உள்ளே வைத்துத் திருகினேன். செத்துவிட்டது. வெளியே எடுத்தேன், ஓடியது. உள்ளே வைத்தேன், மறுபடியும் செத்தது. மணி ஒன்றரை. கீழே புரோட்டா கொத்துகிற சத்தம் என் மண்டைக்குள் கேட்டது.

மாமியார் அப்போதுதான் வாயைத் திறந்தார். “வெளிய இருந்தா சிரிக்கா, வீட்டுக்குள்ள வந்தா மொகத்தத் தூக்கி வச்சிக்கிடுதா. எனக்குத் தெரிஞ்ச ஒரு மருமகளும் இப்படித்தான் தம்பி.”

சிரிப்பு வந்தது. கூடவே சுரீரென்று உறைத்தது. கோளாறு போர்டில் இல்லை, போர்டு குடியிருக்கும் வீட்டில் இருக்கிறது. போர்டை எடுத்த கையோடு, கழுவுவதற்கு முன் ஒரு தடவை மீட்டர் வைத்திருந்தால் அது கூவியிருக்காது, மண் காரணமில்லை என்று அப்போதே தெரிந்திருக்கும். பிரசங்கம் செய்த மப்பில் அதை விட்டுவிட்டேன். காலிப் பெட்டிக்குள் டார்ச் அடித்தேன். ஸ்பீக்கர் காந்தத்தில் எள்ளு மாதிரி ஒரு ஸ்க்ரூ ஒட்டிக்கொண்டிருந்தது. போர்டு உட்கார்ந்தால், கரண்டு வருகிற கால்களில் நேராக முட்டும்.

அந்த ஸ்க்ரூவை எனக்கு நன்றாகத் தெரியும். ஃபேன் மாற்றிய அன்று கைதவறி விழுந்தது. மேசைக்கடியில் தேடிக் கிடைக்காமல், டப்பாவிலிருந்து வேறொன்றைப் போட்டு மூடினேன். இத்தனை நாள் பெட்டிக்குள் எங்கேயோ சும்மா கிடந்தது, அந்த அம்மா தூக்கிக் கண்ணில் ஒற்றியபோது உருண்டுபோய்க் காந்தத்தில் ஒட்டியிருக்கிறது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைச் சத்தமில்லாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். போர்டை மாட்டி ஆன் செய்தேன். ஓடியது. மணி இரண்டு.

“அப்ப மண்ணுதானா அண்ணாச்சி?”

“மண்ணுன்னா... உள்ள கொஞ்சம்...” என்று இழுத்தேன்.

அவள் மாமியார் பக்கம் திரும்பினாள். “கேட்டுக்கிட்டியளா அத்தை? இனிமே என் சாமான் எதையும் தொடாதிய.”

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. மருமகளுக்கு வேலை கிடைக்கட்டும் என்று கோயிலில் மண் வாங்கிவந்த கை மடியில் சும்மா கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஸ்க்ரூவை எடுத்து மேசையில் வைத்தேன்.

“மண்ணு இல்லம்மா. ஃபேன் மாத்தும்போது நான் உள்ள விட்ட ஸ்க்ரூ.”

மருமகள் இப்போது என்னைப் பார்த்த பார்வைக்கு, மாமியாரைப் பார்த்தது எவ்வளவோ தேவலை. பிறகு “வாங்க அத்தை, நேரமாச்சி” என்று மெதுவாகச் சொல்லி, அவர் எழுந்திருக்கக் கைகொடுத்தாள்.

மாமியார் எழுந்து இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“நெத்தியக் காட்டுங்க தம்பி. சர்க்யூட்டுல படாமப் பூசிவிடுதேன். மறதிக்கும் கேக்குமாம்.”

குனிந்து காட்டினேன்.