அறை இல்லாத சன்னல்

துபாயின் தேராப் பகுதியில் எங்கள் அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. அங்கே அண்ணையின் கணினித் திரை ஓரத்தில் ஒரு புகைப்படம் ஒட்டியிருக்கும். புல்மேட்டில் தன்னந்தனியாக நிற்கும் ஐந்து மாடிக் கல்வீடு அது. பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும், ஆனால் ஒரே ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு. ஸ்காட்லாந்தில் அந்தக் காலத்து நிலக்காரர்கள் பயத்தினால் வீட்டை அகலத்தில் கட்டாமல் உயரத்தில் கட்டிக்கொண்டார்களாம். அதைப் பழுதுபார்க்கும் வேலையை எங்கள் கம்பெனியின் அங்குள்ள கிளை எடுத்திருந்தது. அளவுகளும் படங்களும் அங்கிருந்து வரும், வரைபடம் துபாயில் தயாராகும். வரைந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், நான் புதுக்கோட்டைக்காரன். கராமாவில் ஒரே ரூமில்தான் தங்கியிருந்தோம். அவர் ஊர் வழக்கப்படியே நானும் அவரை ‘அண்ணை’ என்று கூப்பிட்டுப் பழகியிருந்தேன்.

அதுவரை நாங்கள் வரைந்ததெல்லாம் கிடங்குகளும் கார் நிறுத்துமிடங்களும்தான். எங்கே எதைப் போடவேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாக வரையும். அந்தக் கல்வீடு வந்தபிறகு அண்ணை வேறு ஆளாகிவிட்டார். ரூமில் வெங்காயம் உரித்துக்கொண்டே அதைப் பற்றித்தான் பேசுவார். “சுவர் ஏழடி தடிப்பு, தம்பி. கட்டில் போடுற இடம், கக்கூசு, படி எல்லாம் சுவருக்குள்ளதான். நாங்கள் அறைக்குச் சுவர் கட்டுறம். அவங்கள் சுவரைக் கட்டிப்போட்டு அதுக்குள்ள அறையைக் குடைஞ்சிருக்கிறாங்கள்.” கீழ்த்தளத்துக் கல்வளைவு மேலே உள்ள நான்கு மாடிகளின் எடையை எப்படித் தாங்குகிறது என்று, சோற்றுத் தட்டைக் கவிழ்த்துவைத்துக் காட்டுவார். ஒருவர் பின் ஒருவராக மட்டுமே ஏறக்கூடிய அந்தச் சுழற்படியின் ஒவ்வொரு படிக்கும் அவர் வரைபடத்தில் தனியாக எண் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாடியை வரையும்போது கணக்கு உதைத்தது. சுவர்த் தடிப்பைக் கழித்த பிறகும் வெளிச்சுவரின் நீளமும் உள்ளே இருக்கும் கூடத்தின் நீளமும் ஒத்துவரவில்லை. நாலரை அடி எங்கேயோ காணாமல் போயிருந்தது. அளந்தவர்கள் தவறு செய்திருப்பார்கள் என்றேன். அவர் புகைப்படத்தைப் பெரிதாக்கி மேற்குச் சுவரில் கையகலச் சன்னல் ஒன்றைக் காட்டினார். “வெளியில யன்னல் இருக்கு, உள்ள அறை இல்லை. அப்ப இந்த யன்னல் ஆருக்கு?” அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு, சுவரைத் திறந்து பார்க்கவேண்டும் என்று குறிப்பும் எழுதினார். ஸ்காட்லாந்திலிருந்து அளவுப் பிழை, மூடிவிடுங்கள் என்று பதில் வந்தது. அண்ணை மூடவில்லை. மறுபடி எழுதினார். மூன்றாவது முறையும் எழுதினார்.

ஒருநாள் அவர் பாஸ்போர்ட் வேலையாகத் தூதரகத்துக்குப் போயிருந்தார். மேனேஜர் என் மேசைக்கு வந்தார். “நாளைக்குக் காலையில ஃபைல் போகணும். நீ அந்தச் சுவரை அடைச்சு அனுப்பிரு. கலாஸ், அதோட முடிஞ்சுது.” நான் அண்ணை வரட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரில் மகள் பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. விசா புதுப்பிக்கும் மாதம் வேறு. வெற்றிடத்தை அடைக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. குறிப்பை அழித்தேன். திருத்தியவர் கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டு அனுப்பினேன்.

அண்ணை அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. ஃபைல் போனதே அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஆறு மாதம் கழித்து அலுவலகத்தில் ஆட்களைக் குறைத்தபோது முதல் பெயர் அவருடையது. எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்கிறார், வேலை தாமதமாகிறது என்று காரணம் சொன்னார்கள். நானே அவரை ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். புகைப்படத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். “ஒருக்கா நேர போய்ப் பாக்கவேணும், தம்பி” என்றார். ஊர் போனபின் சிறுநீரகம் பழுதாகி, சில வருடங்களில் இறந்துவிட்டார்.

போன கோடையில் நான் அந்த வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது எடின்பரோவில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள்தான் பஸ்ஸில் கூட்டிப்போனாள். தலையைக் குனிந்து அந்த ஒற்றை வாசலில் நுழைந்ததும் எனக்கு வழி தெரிந்தது. இடப்பக்கம் அடுப்படி, வலப்பக்கம் படி. படியில் ஏறும்போது அண்ணையின் எண்களைத்தான் சொல்லிக்கொண்டு ஏறினேன். நாற்பத்தொன்றாவது படி மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருக்கும் என்பார். குட்டையாகத்தான் இருந்தது.

மூன்றாம் மாடியின் மேற்குச் சுவரில் ஒரு சிறிய வாசல் திறந்திருந்தது. உள்ளே இரண்டு பேர் முட்டி இடிக்க உட்காரும் அளவில் ஓர் அறை, ஒரு கல் இருக்கை, கையகலச் சன்னல். உத்திரத்தை மாற்றும்போது வேலையாட்கள் தற்செயலாகக் கண்டுபிடித்ததாக, சுற்றிக்காட்டிய பெண்மணி சொன்னார். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் பழைய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, “வரைந்தவர்களே கவனிக்காமல் விட்டுவிட்டார்கள், பாருங்கள்” என்று சிரித்தார். அதில் அந்தச் சுவர் முழுக்கக் கெட்டியாக அடைக்கப்பட்டிருந்தது. மகள் குனிந்து மூலையைப் படித்தாள். “அப்பா, இது உங்க இனிஷியல்தானே? நீங்க வரைஞ்சதா?” அவள் குரலில் அவ்வளவு பெருமை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து யாழ்ப்பாணத்துக்கு, அண்ணையின் மனைவிக்குப் போன் செய்தேன். அறை இருந்தது, அக்கா, அண்ணை சொன்ன இடத்திலேயே இருந்தது என்றேன். பிறகு, அன்றைக்கு அதை அடைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். அக்கா சொன்னார்:

“அவருக்குத் தெரியும், தம்பி. அடுத்தநாளே ஃபைலைத் திறந்து பாத்தவராம். உங்கட பேரின்ர முதலெழுத்து இருந்ததாம். ‘பச்சைப் பிள்ளைக்காரன், பயந்துபோனான். நான் கேட்டா இன்னும் குறுகிப்போவான்’ எண்டு எனக்குப் போனில சொன்னவர்.”

அந்த அடுத்தநாள், விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று சாயங்காலம் அண்ணை கராமாவில் கடை கடையாக ஏறி என் மகளுக்கு ஒரு மஞ்சள் கவுன் வாங்கிவந்தார். அளவு சரியாக இருக்குமா என்று இரண்டு தரம் விரித்துப் பார்த்தார். அதை மடித்துக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று நினைத்திருந்தேன்.

மகள் வெளியே வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. “என்னாச்சுப்பா? யாருக்கிட்ட பேசினீங்க?” என்று கேட்டாள். அவளை வாசற்படியில் உட்காரச் சொல்லி நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “அந்த அறையை உங்கப்பா கவனிக்காம விடலம்மா” என்று ஆரம்பித்தேன்.