அக்காவின் முதுகு

தங்கை ஏழாம் மாதத்திலேயே பிறந்தவள். தேறாது என்றார்கள், தேறினாள். இடது கைக்காரிக்குப் பிரஷ் பிடிக்க வராது என்று பீங்கான் ஆலை மேஸ்திரி திருப்பி அனுப்பினார். விடாமல் போய் நின்று, ஆண்கள் மட்டுமே இருந்த வரைகூடத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்தாள். புருஷன் விட்டுப் போன பிறகு ஒற்றை ஆளாக மகனை வளர்த்து எலக்ட்ரீஷியன் ஆக்கினாள். அவள் பூப்போட்ட தட்டு ஒன்றுகூடக் கழிவு என்று திரும்பி வந்ததில்லை. அவளால் ஜெயிக்க முடியாமல் போனது கண்களை மட்டும்தான்.

ஆலைக்கு ஆண்டு விடுமுறை விட்டிருந்த வாரத்தில், ஆப்பரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால், தங்கை அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு கண் ஏற்கெனவே அணைந்திருந்தது. மற்றது பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரை ஓய்வாக இருங்கள், மனசுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள் என்றும் சொல்லி அனுப்பினாராம்.

பார்க்கிறவர்களுக்கு அது ஓய்வு நாள்தான். அத்தான் காலை நீட்டிக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரோடு மல்லுக்கட்டினார். அக்கா ஜன்னலோரம் ஸ்வெட்டர் பின்னினாள். தங்கை எதிரே உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து அக்காவின் முகத்தை வரைந்தாள். கண் போன பிறகு படத்தை எப்படிடி பார்ப்பாய் என்று அத்தான் காலையிலேயே கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் கோபப்படவில்லை.

"ஒரு தடவை சரியா வரைஞ்சிட்டா கை மறக்காது அத்தான். கண்ணு போனாலும் கையில இருக்கும்."

ஆனால் முகம் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை போட்டதெல்லாம் ஒரே ரோஜா. அழுத்தி, சுழற்றி, வெடுக்கென்று எடுத்தால் இதழ். இழுத்து, நுனியில் மெலியவிட்டால் இலை. கன்னம் என்று ஆரம்பித்தால் இதழாகச் சுருண்டது. மூக்கு இலையாகக் கூர்ந்தது. அத்தான் எட்டிப் பார்த்து, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் தன் பெண்டாட்டி இவ்வளவு அழகு என்று தெரியாமல் போய்விட்டதே என்றார். தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கிழித்தாள்.

மத்தியானம் சாப்பாட்டை அளைந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். வெளிச்சம் சாயச் சாய நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டே வந்தாள். முட்டியோடு முட்டி இடித்தது. மிச்சமிருக்கும் பார்வை ஓரத்தில்தான் போலிருக்கிறது, கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அக்கா அசையவில்லை. பின்னலில் ஒரு வரிசை தப்பிப்போனது தெரிந்தும் பிரிக்கவில்லை. காலடியில் கிழித்த காகிதம் குவிந்தது.

கடைசியில் தங்கை பிரஷைக் கீழே போட்டாள்.

"அக்கா, உன் மூஞ்சி எனக்கு வரலக்கா. நாளன்னைக்கு இருட்டிடுச்சுன்னா நான் எதை வச்சுக்கிட்டு இருப்பேன்?"

அக்கா தன் அழுகையை மறைக்க, வாய்க்கு வந்ததைச் சொல்லி அதட்டினாள்.

"என் மூஞ்சிய நீ எப்படி பார்த்த? அந்தக் காலத்துல ஆலைக்குப் போறப்பவும் வர்றப்பவும் சைக்கிள்ல என் பின்னாடிதானே உக்காந்திருந்த. நீ பார்த்ததெல்லாம் என் முதுகும் சடையும்தான்டி."

தங்கை மூக்கை உறிஞ்சினாள். கீழே கிடந்த பிரஷை எடுத்தாள். பிறகு, திரும்பி உட்கார் என்றாள்.

அந்தக் காலத்துச் சடை இப்போது எங்கே இருக்கிறது, எலிவால்தானே மிச்சம் என்றாள் அக்கா. அது தனக்குத் தெரியும், பேசாமல் இரு என்று பதில் வந்தது. அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். முகம் தெரியாததால் தாராளமாக அழ முடிந்தது. பின்னால் பிரஷ் தண்ணீர் டம்ளரில் தட்டும் சத்தம். அது நின்றபோதெல்லாம் அடுத்து காகிதம் கிழியும் என்று காத்திருந்தாள். கிழியவில்லை.

திரும்பிப் பார்த்தபோது தாளில் ஒரு முதுகு இருந்தது. தோள்கள் இரண்டு அகன்ற இதழ்கள். நடுவே இலைமேல் இலையாகப் பின்னி இறங்கும் கனத்த சடை. காற்றில் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது.

தங்கை அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு தாளை எடுத்தாள், கண்ணை இறுக மூடிக்கொண்டாள், மறுபடி வரைந்தாள். அத்தான் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசி இலையை இழுத்து முடித்ததும், கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"வந்திருக்கா? பொய் சொல்லாதக்கா."

"சடை கொஞ்சம் வலது பக்கம் சரிஞ்சிருக்கு. ஆனா நான்தான்."

அக்கா அவள் கையைப் பிடித்துத் தாளின் கீழ் மூலையில் வைத்து, பெயரைப் போடச் சொன்னாள். ஆலையில் தட்டுக்கு அடியில் கம்பெனி முத்திரை மட்டும்தான், வரைந்தவர் பெயர் போடக் கூடாது. என்ன எழுதுவது என்று தெரியாததுபோல் பிரஷ் சிறிது நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு இறங்கியது.

தான் வரைந்ததன் கீழ் அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட தேதி: 14 மே 2013, செவ்வாய்க்கிழமை.