காலை ஏழு மணிக்கு ஓடிய கார்

எழுபதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அதே பள்ளியின் தையல் டீச்சர் வீட்டில் ஒரு பக்க அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை. நான் போவதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்புதான் கணவர் இறந்திருந்தார். அவரை அக்கா என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

கணவர் விட்டுப்போனது ஒரு சின்னப் பழைய கார். தகரக் கொட்டகையில் நின்றது. அக்காவுக்கு ஓட்டத் தெரியாது, ஸ்டார்ட் செய்ய மட்டும் தெரியும். தினமும் காலை ஏழு மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். ஐந்து நிமிடம் இன்ஜின் ஓடும். பிறகு அணைத்துவிட்டு, கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு வருவார்.

“சும்மாவே கெடந்தா பேட்டரி செத்துப்போகும் டீச்சர். அவுக சொல்லிருக்காக” என்றார் என்னிடம்.

கணவரின் ஓராண்டு நினைவு நாள் வந்தது. அவருடைய காரிலேயே கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும் என்பது அக்காவின் ஆசை. தெரிந்த டிரைவர் ஒருவரை வரச்சொல்லியிருந்தார். அன்று மழை. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, மடியில் பூக்களோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீடு சாலைக்குக் கீழே பள்ளத்தில் இருந்ததால் தள்ளி ஸ்டார்ட் பண்ணவும் வழியில்லை. அக்கா இறங்கிக் குடையை விரித்தார். நானும் கூட நடந்தேன். போய்ச் சேர்வதற்குள் பூக்கள் நனைந்து துவண்டுவிட்டன.

மறுநாள் ஒரு மெக்கானிக் வந்தார். இலங்கையில் தேயிலை ஃபாக்டரி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்து, குடும்பத்தோடு இங்கே திரும்பி வந்தவர். பேட்டரியைக் கழற்றிக்கொண்டுபோய், இரண்டு நாள் சார்ஜ் ஏற்றி மாட்டினார்.

“வண்டிய எப்பவாச்சும் ஸ்டார்ட் பண்றதுங்களா?” என்று கேட்டார்.

“எப்பவாச்சுமா? ஒரு நாள் விடாம அஞ்சு நிமிஷம் ஓட விடுறேன்” என்றார் அக்கா, கோபமாக.

மெக்கானிக் இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் எரிந்த சிவப்பு விளக்கைக் காட்டினார். “அந்த அஞ்சு நிமிஷந்தாம்மா பேட்டரிய கொல்லுது. ஸ்டார்ட் பண்ணுறப்ப நெறைய கரண்ட எடுத்துரும். நின்ன எடத்துலயே மெதுவா ஓடுனா சார்ஜ் ஏத்துற டைனமோ எடுத்தத முழுசாத் திருப்பிக் குடுக்காது. இந்த லைட்டு எரியிற வரைக்கும் சரியா சார்ஜ் ஏறலன்னு அர்த்தம். வெளங்குதுங்களா? வாரம் ஒரு நாளு அர மணி நேரமாச்சும் ரோட்டுல ஓடணும். இல்லாட்டி வயரக் கழட்டி வச்சிட்டு சும்மா விட்டுறணும்.”

மெக்கானிக் போனதும் அக்கா என்னிடம், “ஒரு வருசமா நான்தான் கெடுத்துக்கிட்டு இருந்திருக்கேன் பாருங்க” என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “காலைல அவுக வண்டிய எடுக்கிற சத்தம் கேட்டாத்தான் நான் டிபன் பாக்ஸ மூடுவேன். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு ஒரு சோலியும் ஓடல டீச்சர்.”

அன்று மாலையே ஸ்பேனரை எடுத்துப்போய், மெக்கானிக் காட்டிக்கொடுத்தபடி பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். துருப்பிடிக்காமல் இருக்க முனைகளில் வாசலைன் தடவினார். ஏழு மணிச் சத்தம் நின்றுபோனது. அந்த வாரம் முழுவதும் இருவருமே பள்ளிக்குத் தாமதமாகப் போனோம். இட்லி ஒரு நாள் வேகவில்லை. ஒரு நாள் சாம்பார் அடிப்பிடித்தது. நான் பாத்திரங்களை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அந்த மெக்கானிக்கை மறுபடி வரச்சொல்லியிருந்தார். எதற்கென்று அவர் வந்தபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“அரை மணி நேரம் ஓடணும்னு சொன்னீகல்ல? யாரோ ஒரு டிரைவர் ஓட்டி நான் பின்னால உக்காந்து வரமாட்டேன். எனக்கு ஓட்டக் கத்துக்குடுங்க.”

மெக்கானிக் அவரையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “மலை ரோடும்மா” என்றார்.

“மலையிலதான இருக்கேன்.”

ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்தபின் பாடம் நடந்தது. முதல் நாளே பக்கத்து வீட்டு வேலிக்குள் காரை விட்டார். இரண்டாம் வாரம் ஏற்றத்தில் பின்னுக்கு நழுவி, பின்னால் வந்த பூண்டு மூட்டை வண்டிக்காரரைக் கதறவைத்தார். ஆசிரியர் அறையில் சிலர் சிரித்தது அவருக்குத் தெரியும். மூன்று மாதம் கழித்து மலை இறங்கிப் போய் லைசென்ஸ் வாங்கி வந்தார். அதை எல்லாருக்கும் காட்டவில்லை, எனக்கு மட்டும் காட்டினார்.

அதற்குப்பிறகு சனிக்கிழமைதோறும் கீழே பெருமாள்மலை ஊர் வரை போய்த் திரும்புவோம். போகும்போது வயரை மாட்டுவார், வந்ததும் கழற்றுவார். வழியில் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கும் பெண்கள் யாராவது ஏறிக்கொள்வார்கள். ஒருநாள் அப்படி ஏறிய ஒரு பெண் காய்ச்சலில் சுருண்டிருந்த தன் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். அக்கா அவளை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். குழந்தை பிழைத்து, மறுமாதம் கேரட் மூட்டையோடு தாயும் பிள்ளையும் வீடு தேடி வந்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மதுரைக்கு மாற்றலாயிற்று. என் டிரங்குப் பெட்டியைக் காரில் ஏற்றி, அக்காதான் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்தார். ஏற்றத்தில் இன்ஜின் நின்றுபோனது. பின்னால் ஒரு சுற்றுலா பஸ் விடாமல் ஹார்ன் அடித்தது. நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

“அடிக்கட்டும் டீச்சர்” என்றார் அக்கா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. “நான் நிதானமாத்தான் எடுப்பேன்.”